அரை இஞ்ச் தொய்வு

அந்தக் கேக்கை வெட்டினார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று என் மனைவி சொன்னாள். பதினோரு வருடமாக அதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே நம்பி வருகிறேன், தம்பி. ஒரே விஷயத்தில் ஒரு மனிதன் இரண்டையும் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். கல்யாணமானவன் செய்வான்.

உங்கள் மடியில் இருப்பது கேக்தானே? பெட்டியில் அந்தப் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜெமிமா கேக்ஸ், பாளையங்கோட்டை. அந்த ஜெமிமா என் மனைவிதான். பெட்டியை அப்படியே நேராகப் பிடியுங்கள். இந்த டிரைவர் பிரேக்கை மிதிக்கிறாரா உதைக்கிறாரா என்று தெரியவில்லை. நான் வள்ளியூரில் இறங்கிவிடுவேன், மின்வாரிய அலுவலகத்தில் எனக்கு வேலை. அதுவரை நேரம் இருக்கிறது. இதை இன்றைக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரித்தாலும் எனக்கு உங்களைத் தெரியாது.

என் அக்கா மகள் பெபாவுக்குக் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். மற்ற தாய்மாமன்மார் மோதிரம் போடுவார்கள், பட்டு எடுப்பார்கள். நான், கல்யாணக் கேக்கை நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நிச்சயதார்த்தப் பந்தியில், இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, இருநூறு பேர் காதில் விழும்படி. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பாசம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எதிர் இலையில் அக்கா புருஷன் மனுவேல் அத்தான் உட்கார்ந்திருந்தார் என்பதும் உண்மை. அவர் தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருடமாக என்னைப் பெயில் ஆன பையனைப் பார்ப்பதுபோலவே பார்ப்பவர்.

"கேக்கா? நீயா?" என்றார். "மாப்ளே, அதுக்கு எர்த் எல்லாம் குடுப்பியா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. ரசம் ஊற்ற வந்தவன்கூட நின்று சிரித்துவிட்டு ஊற்றினான்.

அப்போது ஜெமிமா வீட்டிலேயே ஒன்பது வருடமாகக் கேக் செய்துகொண்டிருந்தாள். பிறந்தநாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு, தெருவில் யாராவது கேட்டால். ஒரு சின்ன ஓவன், ஒரு கரண்டி, ஒரு கிண்ணம், அவ்வளவுதான். கை நல்ல கை. ஆனால் கணக்கில்லாத கை. மாவைக் கரண்டியில் எடுத்து ஊற்றிப் பார்ப்பாள், சரி என்பாள். எது சரி, எந்த அளவில் சரி என்று கேட்டால், "விழுகிற விதத்துல தெரியும்ங்க" என்பாள். இதையெல்லாம் ஒரு பதில் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அடுக்குக் கேக் அவளும் அதுவரை செய்ததில்லை. ஆகவே அந்த விஷயத்தில் இருவரும் சமம் என்று முடிவு செய்தேன். ஒன்பது வருடமும் பூஜ்யமும் சமம் என்று நான் கணக்குப் போட்ட அந்த நேரத்தில் என்னை யாராவது தடுத்திருக்கலாம்.

இரண்டு வாரம் லீவு போட்டேன். கிராப் தாளில் படம் போட்டேன். அடியில் பதினாலு இஞ்ச், மேலே பதினொன்று, அதற்கு மேலே எட்டு, உச்சியில் ஐந்து. நாலு அடுக்கு.

"ரெண்டு போதும்ங்க," என்றாள் ஜெமிமா.

"மண்டபம் எவ்வளவு பெருசு தெரியுமா?"

"மண்டபத்துக்கா கேக்கு? ஆளுக்குத்தான?"

நான் படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் சொன்னாள், நாலு அடுக்கு வைத்தால் அடியில் இருக்கிற கேக் அமுங்கிவிடும், உள்ளே குச்சி நட்டு, அதன்மேல் அட்டை வைத்து, அதன்மேல்தான் அடுத்த கேக்கை வைக்க வேண்டும் என்று. இது சரியான பேச்சு. இதைச் சரியான பேச்சு என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டேன் என்பதைக் கவனியுங்கள். ஆனால் குச்சி எதற்கு? வீட்டில் வயர் ஓட்டுகிற பிவிசி பைப் இருக்கிறது. அரை இஞ்ச் பைப், ஹாக்ஸா பிளேடால் அறுத்து, டெட்டால் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். மொத்தம் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொரு கேக்கின் உயரமும் நாலு இஞ்ச். பைப்பை நாலரை இஞ்சுக்கு அறுத்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் நாலரை என்று எழுதினேன்.

ஜெமிமா ஒன்றை எடுத்துக் கேக் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அரை இஞ்ச் தூக்கிட்டு நிக்குதே."

"நிக்கணும்."

"எதுக்கு?"

நான் அவளுக்கு விளக்கினேன். கம்பி இழுக்கும்போது விறைப்பாக இழுக்கக் கூடாது, தொய்வு விட வேண்டும். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். மே மாதம், பாளையங்கோட்டை வெயில். எந்தப் பொருளானாலும் விரிவதற்கு இடம் விட வேண்டும்.

"கேக்கு விரியுமா?"

"பொருள்னா விரியும்."

அவள் பைப்பைக் கீழே வைத்துவிட்டாள். அவள் எதையாவது ஒப்புக்கொண்டால் அப்படித்தான், ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிடுவாள். அந்த அரை இஞ்ச் இடைவெளியைக் கிரீமால் நிரப்பிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேக் வெந்ததும் நடுவில் கொஞ்சம் உப்பி நிற்கும், பார்த்திருப்பீர்கள். ஜெமிமா அதை நீளக் கத்தியால் சீவி எடுத்துச் சமன் செய்வாள். சீவின துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இனிப்பு கூடுதல், உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்று அடுத்த மாவில் சரிசெய்வாள். நான் சீவ விடவில்லை. அளந்து செய்ததை எதற்குச் சீவ வேண்டும்? தாய்மாமன் கேக்கைப் பெபா வெட்டுவதற்கு முன்னால் வேறு யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். அதனால் அந்தக் கேக்கின் ருசி எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. வெண்ணிலா, அன்னாசி எசன்ஸ், மேலே வெள்ளைக் கிரீம். எல்லாம் நான் அளந்து போட்டவை. கேக்கில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கேக் வைக்கிற மேசை மட்டமாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஒரு கால் குட்டை. பெபாவின் கல்யாணப் பத்திரிகையையே மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தேன். மூன்று பத்திரிகை வைத்தால் இந்தப் பக்கம் சாய்ந்தது, நாலு வைத்தால் அந்தப் பக்கம். மூன்று பத்திரிகையும் ஒரு கவரும் என்று கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அத்தான் வந்து பார்த்தார். "மேசை நல்லாருக்கு மாப்ளே. கேக்கு இல்லாட்டியும் இதையே வெட்டிரலாம்," என்றார்.

வீட்டுக்கு வந்தேன். வீடு முழுக்கக் கருப்பட்டி வாசனை. என்ன இது என்றேன். தலைவலிக்குச் சுக்குக் கருப்பட்டி போட்டுக் குடித்தேன் என்றாள் ஜெமிமா. அவளுக்குத் தலைவலி வருவதே அபூர்வம். பாவம், என் வேலை அவளையும் களைப்பாக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முற்றத்துக் கொடியில் அடுப்படித் துண்டுகள் மூன்று ஈரமாகக் காய்ந்தன. ஒரு தலைவலிக்கு மூன்று துண்டு எதற்கு என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன், உங்களிடம்.

மறுநாள் கேக்கை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பின்னால் நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலே தூசி படாமல் வெள்ளை வேட்டியைப் போர்த்தியிருந்தேன். வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. சர்ச் பக்கத்தில் ஒரு பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். சின்னப் பெட்டியாக இருக்கிறதே என்று அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

மண்டப வாசலில் இறக்கும்போது பக்கத்து வீட்டு ஹெலன் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம், மூடி போட்டு, துணி சுற்றி. "என்ன டீச்சர்?" என்றேன். "பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி, எட்வின் சார்," என்றார்கள். நானே ஒரு பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்தேன். பச்சடி கலங்கிவிடக் கூடாது, நேராகப் பிடியுங்கள் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே பின்வாசல் வரை கொண்டுபோய் வைத்தேன். உதவி என்றால் எனக்குப் பிடிக்கும்.

ஆறு மணிக்கு வரவேற்பு. கேக் மேடைக்குப் பக்கத்தில் நின்றது. நானும் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், கேக்கைத்தான். எங்கள் கல்யாணங்களில் வாழ்த்துரை என்று ஒன்று உண்டு, தெரியுமா? கேக் வெட்டுவதற்கு முன்னால் பெரியவர்கள் வரிசையாக வந்து ஆளுக்குக் கால்மணி நேரம் பேசுவார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பேசினார். அத்தானோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார், மாப்பிள்ளையின் பெயரை மூன்று தடவை தப்பாகச் சொல்லிப் பேசினார். ஏசி இல்லாத மண்டபம். கேக்கில் முத்து முத்தாக வேர்க்க ஆரம்பித்தது.

கடைசியாகக் குருவானவர் எழுந்தார். சுற்றும் பார்த்தார். கேக்கைப் பார்த்தார். "பிரியமானவர்களே, இந்தக் கேக்கைப் பாருங்கள். நாலு அடுக்கு. இல்லறத்துக்கும் நாலு அடுக்கு," என்று தொடங்கினார். அடி அடுக்கு அன்பு. அதன்மேல் பொறுமை. அதன்மேல் தாழ்மை. உச்சியில் ஜெபம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜெபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது.

என் கண்ணின் கோளாறு என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தாழ்மைக்கும் பொறுமைக்கும் நடுவில் கிரீம் வழிந்து, ஒரு பைப் தெரிந்தது. மேசை மட்டமாகத்தான் இருந்தது, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

அப்போது ஜெமிமா வேகமாக வந்தாள். "என்னங்க, சாப்பாட்டு ஹால்ல லைட்டு, ஃபேன் எல்லாம் போயிட்டு. பந்தி நிக்குது. உங்களைத்தான் எல்லாரும் தேடுதாங்க."

"கேக்கு..."

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க."

அத்தானும் முன்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "போ மாப்ளே. இதாவது உனக்குத் தெரிஞ்ச வேலை."

போனேன். பின்பக்கம் ஒரு சின்ன அறையில் மெயின் போர்டு. ஒரே ஒரு ஸ்விட்ச் கீழே இறங்கியிருந்தது. மேலே தள்ளினேன், எல்லாம் எரிந்தது. ஆனால் காரணம் தெரியாமல் விட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. தானாக விழுந்ததா, லோடு அதிகமா, எங்கேயாவது லீக்கா? ஒவ்வொரு லைனாகப் பிரித்துச் சோதித்தேன். எந்தக் கோளாறும் இல்லை. யாரோ விரலால் கீழே தட்டியதுபோல இருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. கேளுங்கள், ஒரு ஸ்விட்சுக்காக நான் நாற்பது நிமிடம் நிற்பேன் என்று இந்த உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒருவர் பெயர்தான் வருகிறது. உடனே வேறு யோசனைக்குப் போய்விடுவேன்.

திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. மேசை விரிப்புகூட இல்லை. தரையைத் துடைத்திருந்தார்கள், இன்னும் காயவில்லை. எல்லோர் கையிலும் காகிதத் தட்டு, தட்டில் துணுக்குகள்.

"வெட்டியாச்சுங்க," என்றாள் ஜெமிமா. "எல்லாரும் சாப்ட்டாச்சு. ஒரு துண்டு மிச்சம் இல்ல."

"எனக்கு?"

"உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். யாரோ எடுத்துட்டாங்க."

"தரை எதுக்கு ஈரமா இருக்கு?"

"ஜூஸ் கொட்டிட்டு."

பெபா மேடையிலிருந்தே கையாட்டினாள். "மாமா, கேக்கு சூப்பர் மாமா!" சொல்லிவிட்டு முகத்தை மாப்பிள்ளை தோளில் மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. நன்றியில் அழுகிறாள் என்று நினைத்தேன். தாய்மாமன் என்றால் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. கேக்கோடு நான் நிற்கிற படம் பதினாறு. வெட்டுகிற படம் ஒன்றே ஒன்று. இரண்டு கை, ஒரு கத்தி, கேக்கின் ஒரு மூலை. மூலை பழுப்பு நிறம். என் கேக் வெள்ளை. வீடியோ வெளிச்சத்தில் நிறம் மாறித்தான் தெரியும் என்றாள் ஜெமிமா. பக்கத்தில் பெபாவின் புடவை வெள்ளையாகத்தான் இருந்தது. வெளிச்சம் புடவையை ஒரு மாதிரியும் கேக்கை ஒரு மாதிரியும் மாற்றுமா என்று யோசித்தேன். மாற்றலாம். நான் வெளிச்சத்தைக் கொண்டுசேர்க்கிற துறைதான். அது எதை எப்படிக் காட்டும் என்பது எங்கள் வேலை இல்லை.

அதற்குப் பிறகு ஆர்டர் வந்தது பாருங்கள். வாரம் ஒன்று, பிறகு மூன்று, பிறகு போனைக் கீழே வைக்க முடியவில்லை. எல்லாம் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள். என் கேக் செய்த வேலை. ஆனால் ஒரு விசித்திரம். அத்தனை பேரும் ஒரே மாதிரிக் கேட்டார்கள்: "அன்னைக்கு பெபா கல்யாணத்துல குடுத்தீங்கல்லா, அந்தக் கருப்பட்டி முந்திரிக் கேக்கு, அதே மாதிரி வேணும்." என் கேக்கில் கருப்பட்டி ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. முந்திரி கிடையாது. ஜெமிமாவிடம் கேட்டேன். "கூட்டத்துல சாப்பிட்டா நாக்கு மரத்துப் போகும்ங்க," என்றாள். எழுபது எண்பது பேருக்கும் ஒரே மாதிரியா என்று கேட்டேன். "ஒரே கூட்டம்தான?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னைக் கேக் வேலைக்கு விடுவதில்லை. "நீங்க களைச்சுப்போயிருக்கீங்க," என்பாள். பதினோரு வருடக் களைப்பு. ஆர்டர் கொண்டுபோய்க் கொடுக்கிற பொறுப்பை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறாள். அதிலும் ஒற்றைக் கேக் மட்டும். அடுக்குக் கேக் என்றால் அவளே ஆட்டோ பிடித்துப் போய், கேக் வெட்டி முடிகிறவரை நின்று, உள்ளே நடுகிற குச்சிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவாள். குச்சிக்கா இந்தப் பாடு என்று கேலி செய்திருக்கிறேன்.

மனுவேல் அத்தானிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவரிடமா? அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரே.

இன்றைக்குக் காலையில் ஜெமிமா ஒரு மூன்றடுக்குக் கேக்கில் இருந்தாள். கை முழுக்கக் கிரீம். "அந்தக் கீழ்ட்ராயர்ல ரிப்பன் இருக்கும், எடுத்துத் தாங்க," என்றாள். அவள் வழக்கமாக அந்த ட்ராயரைத் தொட விடமாட்டாள். அவசரத்தில் மறந்துவிட்டாள். இல்லை, மறக்கவில்லையோ என்னவோ, இப்போது உங்களிடம் சொல்லும்போது அப்படியும் தோன்றுகிறது. திறந்தேன். ரிப்பன் இருந்தது. ரிப்பனுக்குப் பக்கத்தில், ரப்பர்பேண்ட் போட்டு, பன்னிரண்டு பைப் துண்டுகள்.

என் பைப். என் கையெழுத்து. கழுவிக் கழுவி மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. ஒவ்வொன்றிலும் நாலரை என்று எழுதியிருந்தது. சட்டைப்பையில் எப்போதும் டேப் வைத்திருப்பேன். அளந்தேன். பன்னிரண்டையும் அளந்தேன். ஒவ்வொன்றும் சரியாக நாலு இஞ்ச். அறுத்த வாய் பிசிறில்லாமல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் அறுப்பைவிடச் சுத்தமாக இருந்தது.

பதினோரு வருடமாகத் திருநெல்வேலி ஜில்லாவில் ஜெமிமா செய்த அடுக்குக் கேக் ஒவ்வொன்றும் என் பைப்பில்தான் நின்றிருக்கிறது, தம்பி. அரை இஞ்ச் குறைத்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் கையில் டேப்பைப் பார்த்தாள். பைப்பைப் பார்த்தாள். கிரீம் பையை அழுத்துவதை நிறுத்தினாள்.

கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. ஸ்விட்சைத் தட்டியது யார். பச்சடிப் பாத்திரத்தில் என்ன இருந்தது. முந்தின நாள் மத்தியானமே கருப்பட்டிக் கேக்கைச் செய்தாய் என்றால் என்னுடையது நிற்காது என்று எப்போதே தெரியும், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை. சொன்னாள், தம்பி. அரை இஞ்ச் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று சொன்னாள். அது ஞாபகம் வந்ததும் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

ரிப்பனை அவள் பக்கத்தில் வைத்தேன். பைப்பைத் திரும்ப ட்ராயரில் வைத்து மூடினேன். செருப்பு மாட்டினேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, பதினோரு வருடமாக நான் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியது எதுவோ அதைக் கேட்டேன்.

"ஜெமிமா, என்னோடது கீழ விழுந்தப்போ, தொடைக்கிறதுக்கு முன்னால, ஒரு துளியாவது எடுத்து வாயில வச்சுப் பாத்தியா?"